கறுப்பாகிப் போன ஒரு வரி

போன மாதம் நான் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். திரையில் வருவதெல்லாம் எழுத்துத்தானே, வெறும் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்பிளொக்குக்கு ஒரு ஸ்டைல், பெட்டியாக நின்று எழுத்தைக் காட்டும் லேபலுக்கு ஒரு ஸ்டைல், எழுத்தை அடிக்கும் டெக்ஸ்ட்பொக்ஸுக்கு இன்னொரு ஸ்டைல் என்று அதே வரிகளை மூன்று தடவை எழுத வேண்டியிருக்கிறதே, மூன்றுக்கும் பொதுவாக ஒன்றை எழுதிவிட முடியாதா என்று. முடியும் என்றேன். எப்படி என்பதைப் பலகையில் எழுதியும் காட்டினேன். பஸ்ஸுக்கு நேரமானதால் அதோடு புறப்பட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. மிச்சப் பாதி ஒரு சமையல்காரரைப் பற்றியது. அதை எழுதியே தந்துவிடுகிறேன்.

நான் வேலை செய்த நிறுவனம் மாத்தளை நகரத்தில் ஒரு புத்தகக் கடையின் மேல்மாடியில் இருந்தது. சின்ன நிறுவனம். மருந்துக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மென்பொருள் செய்து கொடுப்போம். இணையத்தில் ஓடுகிற வகை இல்லை, கணினியிலேயே நிறுவி ஓடவிடுகிற வகை. சீகிரியாப் பக்கத்து ஹோட்டல்களில் ஒரு மழை பெய்தால் இணைய இணைப்பு போய்விடும். அதை நம்பி யாரும் சமையலறை நடத்த முடியாது. அதனால் எங்களுக்கு அங்கே நல்ல கிராக்கி இருந்தது.

அப்படிச் செய்துகொடுத்த ஒரு ஹோட்டலில்தான் இது நடந்தது. பெயர் வேண்டாம். சாப்பாட்டு மண்டபத்தில் வெயிட்டர் ஒரு சின்னத் திரையில் ஓடரை அடிப்பார். அது சமையலறையில், தட்டுகளை எடுத்து வைக்கும் மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் பெரிய திரையில் ஒரு அட்டையாக வந்து நிற்கும். மேசை இலக்கம், உணவின் பெயர், அதற்குக் கீழே விருந்தாளி ஏதாவது சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பு. காரம் குறைவு, வெங்காயம் வேண்டாம் என்பது மாதிரியான சாதாரணக் குறிப்புகள் கறுப்பில் சின்ன எழுத்தாக வரும். ஒருவருக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அந்த வரி மட்டும் சிவப்பில், தடித்த பெரிய எழுத்தில் வரும். அந்தச் சிவப்பு வரியை நாங்கள் ஒரு லேபலாகச் செய்திருந்தோம். மற்றக் குறிப்புகள் டெக்ஸ்ட்பிளொக்.

என்னோடு வேலை செய்தவர் ரூபன். அவருடைய அப்பா அரசாங்க வேலையாக யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு மாற்றலாகி வந்தவர். ரூபன் இங்கேயே படித்து வளர்ந்தாலும் வீட்டுத் தமிழை விடவில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலையில் கெட்டிக்காரர், சுத்தக்காரர். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

ஹோட்டல் மேனேஜருக்குத் திரைகளின் தோற்றம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு திரையையும் ஒவ்வொரு காலத்தில் செய்ததால் எழுத்து ஒரு இடத்தில் பெரிதாகவும் இன்னொரு இடத்தில் சிறிதாகவும் இருந்தது. சிங்களம் ஒரு மாதிரி, தமிழ் ஒரு மாதிரி, ஆங்கிலம் ஒரு மாதிரி. "மூன்று பேர் சேர்ந்து எழுதிய கடிதம் மாதிரி இருக்கிறது" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். அதைச் சரிசெய்து தருவதாக எங்கள் சேர் ஒப்புக்கொண்டார். சேர் என்றால் எங்கள் நிறுவனத்தை நடத்தியவர். வேலை ரூபனிடம் போனது.

அவர் அதை மிகவும் ஆசையாகச் செய்தார். ஒவ்வொரு திரைக்குள்ளும் தனித்தனியாகக் கிடந்த ஸ்டைல்களையெல்லாம் பிடுங்கி, பொதுவானவற்றை ஒன்றாக்கி, மென்பொருள் முழுவதற்கும் பொதுவான கோப்பில் ஒரே இடத்தில் வைத்தார். எழுத்துரு, அளவு, நிறம், தடிப்பு எல்லாம் அங்கிருந்தே போகும். முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்கோ, எல்லாத் திரையும் இப்ப வடிவா ஒரே மாதிரி இருக்குது. இனி எழுத்தைப் பெருப்பிக்க வேணுமெண்டால் ஒரு இடத்தில மாத்தினால் போதும்."

உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. சேர் பாராட்டினார், நானும் பாராட்டினேன். ஹோட்டலில் போய் நிறுவிக் கொடுத்தோம். மேனேஜரும் சந்தோஷப்பட்டார்.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் சேர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். அப்போதுதான் தொலைபேசியை வைத்திருந்தார்.

"அந்த சீகிரியா ஹோட்டல்ல ஒரு பிரச்சினைங்க. முந்தா நாள் ராத்திரி ஒரு வெள்ளக்காரப் பொம்பளைக்குக் கஜுக் கொட்ட ஒத்துக்காதாம். வெயிட்டர் அத அடிச்சுத்தான் அனுப்பியிருக்காரு. ஆனா குக் கஜு அரைச்சு ஊத்தின கறிய அனுப்பிட்டாரு. தொண்ட வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

"நம்ம சிஸ்டத்துல ஏதாவது பிழையா?"

"இல்லங்க. குறிப்பு திரையில வந்திருக்கு, மேனேஜரே பாத்திருக்காரு. குக்க வேலையிலருந்து நிப்பாட்டிட்டாங்க. விசாரணைக்கு நம்மகிட்ட ஒரு கடிதம் கேக்குறாங்க. இன்ன ஓடருக்கு இன்ன குறிப்பு சமையலறைத் திரைக்கு ஒழுங்காப் போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும். நீங்களும் ரூபனும் போய்ப் பாத்துட்டுக் குடுத்துட்டு வாங்க."

அந்தச் சமையல்காரரை எனக்குத் தெரியும். நியாஸ் நானா. வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். சீகிரியாவிலிருந்து மாத்தளைக்கு வரும் வழியில் உள்ள நாலந்தாவைச் சேர்ந்தவர். முதன்முதலில் திரையை மாட்டப் போனபோது, அடுப்புப் பக்கம் நின்றால் எந்த உயரத்தில் தெரியும் என்று எனக்குக் கையால் காட்டியவர் அவர்தான். அதிகம் பேச மாட்டார். இவரா தவறவிட்டார் என்று மனதில் ஒரு உறுத்தல். ஆனாலும் நாள் முழுக்க நெருப்போடு நிற்கிற ஆள். தவறலாம் என்றும் நினைத்தேன். கடிதத்தை எழுதி, அச்செடுத்து, உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். அதில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அது பொய்யும் இல்லை. குறிப்பு திரைக்குப் போயிருந்தது.

கம்பெனி வேனில் போனோம். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சுற்றுலா பஸ் வரப்போகிறது, அதற்கு முன் கடிதத்தைத் தந்துவிட்டால் நல்லது என்றார். உறை என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் திரும்பியிருப்போம்.

கொடுக்கும் முன் திரையை ஒரு தடவை பார்க்கிறேன் என்றேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுப்பது என் பழக்கம். அவ்வளவுதான். மேனேஜர் தன் அறைக் கணினியில் காட்ட வந்தார். வேண்டாம், சமையலறையிலேயே பார்க்கிறேன் என்று உள்ளே போனேன்.

அங்கே நியாஸ் நானாவின் இடத்தில் சுனில் என்ற இளையவர் நின்றிருந்தார். மத்தியானத்துக்கு வெங்காயம் வெட்டிக் குவித்திருந்தார்கள். சோற்றுப் பானைகளிலிருந்து ஆவி எழுந்து திரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வெயிட்டரிடம் ஒரு பொய் ஓடர் அடிக்கச் சொன்னேன்: கோழிக் கறி ஒன்று, காரம் குறைவு, மீன் கறி ஒன்று, கஜு ஒத்துக்காது. அவர் அடித்ததும் நான் அடுப்படியில், நியாஸ் நானா நிற்கிற இடத்தில் போய் நின்று திரையைப் பார்த்தேன்.

அட்டை வந்தது. கோழிக் கறி, அதன் கீழே ஒரு கறுப்பு வரி. மீன் கறி, அதன் கீழே ஒரு கறுப்பு வரி. இரண்டும் ஒரே அளவு, ஒரே தடிப்பு. அந்தத் தூரத்திலிருந்து இரண்டில் எது என்ன என்று வாசித்தால்தான் தெரியும். வாசிப்பதற்குக் கரண்டியை வைத்துவிட்டு நான்கு எட்டு முன்னால் போக வேண்டும்.

"ரூபன், இங்க வந்து நில்லுங்க" என்றேன்.

அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். அட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"சிவப்பு எங்க, அக்கா?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"நான் அந்த லேபலைத் தொடவே இல்லை. அதில சிவப்பு எண்டு அப்பிடியே எழுதிக் கிடக்கு. நீங்கள் வேணுமெண்டால் திறந்து பாருங்கோ." சொல்லிக்கொண்டே மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தார். அவர் சொன்னது உண்மை. லேபலில் சிவப்பு, தடிப்பு, பெரிய அளவு எல்லாம் எழுதியவை எழுதியபடியே இருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"லேபலுக்குள்ள எழுத்தை வரையிறதும் ஒரு டெக்ஸ்ட்பிளொக் தானே, அக்கா."

விஷயம் அதுதான். இதை நீங்கள் ஒரு தடவை பொறுமையாக வாசியுங்கள். லேபல் என்பது ஒரு பெட்டி. அதற்குள் நீங்கள் வெறும் சொல்லைப் போட்டால், அந்தச் சொல்லை வரைவதற்கு உள்ளே ஒரு டெக்ஸ்ட்பிளொக் தானாகவே உண்டாகிறது. பெட்டிக்குக் கொடுத்த நிறத்தை அது வாங்கிக்கொள்ளும், தனக்கென்று ஒரு நிறம் சொல்லப்படாத வரைக்கும். ரூபனின் ஸ்டைலுக்குப் பெயர் எதுவும் வைக்கப்படவில்லை. எல்லா டெக்ஸ்ட்பிளொக்குக்கும் தானாகப் போய்ச் சேருகிற வகை. அது அந்தந்தத் திரைக்குள் இருந்தவரை பெட்டிகளுக்குள்ளே எட்டிப் பார்க்கவில்லை. முழு மென்பொருளுக்கும் பொதுவான கோப்புக்கு மாறியதும் அதற்கு எல்லா இடத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. லேபலுக்குள் இருந்த டெக்ஸ்ட்பிளொக்குக்கும் போய், நீ கறுப்பு, நீ சின்ன எழுத்து என்று சொல்லிவிட்டது. வெளியே பெட்டியில் எழுதியிருந்த சிவப்பைக் கேட்க ஆளில்லை.

மேனேஜர் எங்கள் பின்னால் வந்து நின்றார். என்ன பார்க்கிறீர்கள், குறிப்பு இருக்கிறதுதானே என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அது முன்பு இருந்த மாதிரி இல்லை என்று சிங்களத்தில் விளக்கினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. சுனிலைக் கூப்பிட்டு அடுப்படியில் நிறுத்தி, "இதில் எது ஆபத்தான குறிப்பு?" என்று கேட்டேன். சுனில் திரையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். "இரண்டும் ஒன்று மாதிரித்தான் இருக்கிறது, மிஸ்" என்றார். அப்போதுதான் மேனேஜரின் முகம் மாறியது.

அந்த நேரம் வெளியே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அரை மணித்தியாலம் தாங்கோ, இப்பவே திருத்திப் போடுறன்" என்றார் ரூபன். பேசிக்கொண்டே அவசர அவசரமாகத் தட்டத் தொடங்கியிருந்தார். "அந்த லேபலுக்குள்ள மட்டும் சிவப்பெண்டு தனியா ஒரு ஸ்டைல் வைச்சால் சரி. சின்ன வேலை."

அவருக்கு அது முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த லேபல் கெட்டுப்போயிருந்தது என்று எங்களுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பு தெரியாது. வேறு எங்கே எது கெட்டுப்போயிருக்கிறது என்பது இப்போதும் தெரியாது. பதற்றத்தில் இருக்கிற ஒருவர், பஸ் நிறைய ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைத் திறந்து திருத்துவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. பழைய பதிப்பைத் திரும்பப் போடலாமா என்றும் யோசித்தேன். அதில் இந்தப் பருவத்து உணவுப் பட்டியல் இல்லை.

"திரைய நிப்பாட்டுவோம்" என்றேன்.

மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை பேருக்குத் திரை இல்லாமல் எப்படி என்று கோபப்பட்டார். குறைந்தபட்சம் உணவின் பெயரையாவது காட்டட்டும், ஒவ்வாமையை மட்டும் வாயால் சொல்லட்டும் என்றார். நியாயமான யோசனை மாதிரித்தான் இருந்தது. ஆனால் திரை எரிந்துகொண்டிருந்தால் சமையல்காரர்களின் கண் பழக்கத்தில் அங்கேதான் போகும். சிவப்பு வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அவர்களுடைய கை நினைத்துக்கொள்ளும். அன்றைக்கு அந்தத் திரையைப் பாதி நம்புவது, முழுக்க நம்பாமல் விடுவதைவிட மோசம்.

"இந்தத் திரை வருவதற்கு முன்பு எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கடதாசித் துண்டில் எழுதி."

"இன்றைக்கும் கடதாசியில் செய்யுங்கள். ஒத்துக்காதது இருந்தால் வெயிட்டர் வந்து சுனிலின் பெயரைக் கூப்பிட்டு வாயால் சொல்லட்டும். சுனில் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் வெயிட்டர் நகர வேண்டும்."

அவர் பதில் சொல்லும் முன் நான் ஸ்டூலில் ஏறிச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டேன். சேரிடம் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியாது.

சாப்பாடு மெதுவாகத்தான் போனது. சில மேசைகளில் முணுமுணுத்தார்கள், ஒரு கறி இரண்டு தடவை போனது. ஒருவருக்கு இறால் ஒத்துக்காது என்று வெயிட்டர் வந்து கத்தினார். "இறால் இல்லை, ஜன்னல் பக்கத்து மேசை" என்று சுனில் திருப்பிக் கத்தினார். நானும் ரூபனும் ஒரு மூலையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றோம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நான் வெளியே வந்து சேருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், அந்தக் கடிதத்த என்னால குடுக்க ஏலாது."

"ஏன், குறிப்பு போகலையா?"

"போயிருக்கு. ஆனா சிவப்பா போகல. மத்த குறிப்பு மாதிரியே கறுப்பா போயிருக்கு. நாங்க போன தடவ மாத்தினதால வந்தது. அடுப்புகிட்ட நின்னு பாத்தா யாருக்கும் தெரியாது."

அவருடைய மின்விசிறி சுற்றுவது எனக்குக் கேட்டது.

"அத எழுதிக் குடுத்தா அவங்க நம்மள விட்டுட்டு வேற ஆள்கிட்ட போயிருவாங்க, தெரியுமா?"

"தெரியும் சேர். நீங்க சொன்ன வாக்கியத்தையும் எழுதுறேன், இதையும் எழுதுறேன். ஒன்ன மட்டும் எழுத மாட்டேன்."

"ரூபன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"அவர் பேர எழுதாதீங்க. நம்ம கம்பெனி பேர மட்டும் எழுதுங்க." போனை வைக்கும் முன் சேர்த்துச் சொன்னார். "ரெண்டையுமே எழுதுங்க."

மேனேஜரின் அறையில் இருந்த கணினியிலேயே எழுதி, அச்செடுத்துக் கையெழுத்திட்டேன். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். எங்கள்மேல் கோபப்பட்டார், கோபப்பட வேண்டியதுதான். பிறகு கோபம் அடங்கி, "அப்படியென்றால் நான் அனுப்பியது தவறான ஆளை" என்று தனக்குத்தானே சொன்னார். நியாஸுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் போனைக் கையில் எடுத்தார், வைத்தார். நீங்கள் போகிற வழிதானே நாலந்தா, நீங்களே சொல்லி நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். மனிதர்கள் அப்படித்தான். அனுப்பும்போது சொன்ன வார்த்தைகள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நாலந்தாவுக்குப் போகுமுன் இதை நாங்கள் பிறகு எப்படித் திருத்தினோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் உங்கள் கவனம் வேறு எங்கோ இருக்கும்.

இனிமேல் எதையும் பொதுவாக்க மாட்டேன், எல்லாவற்றையும் தனித்தனியாகவே எழுதுகிறேன் என்று ரூபன் அடுத்த வாரம் சொன்னார். அது சூடுபட்டவரின் பேச்சு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. தனித்தனியாக எழுதினால் ஒரு வருடத்தில் பழையபடி மூன்று பேர் எழுதிய கடிதமாகிவிடும். எதைப் பொதுவாக்குவது என்பதில்தான் எங்கள் கணக்குத் தவறியிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அடியில் ஒரு பொது ஸ்டைல். அதில் எழுத்துருவும் அடிப்படை அளவும் மட்டும். டெக்ஸ்ட்பிளொக், லேபல், டெக்ஸ்ட்பொக்ஸ் மூன்றும் அதன் மேல் நின்று, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே சேர்த்துக்கொள்ளும். டெக்ஸ்ட்பிளொக்குக்கான ஸ்டைலுக்குக் கட்டாயம் ஒரு பெயர் வைத்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்துக்கு மட்டுமே அது போகும். நிறத்தையும் தடிப்பையும் பொதுவில் வைக்கவே இல்லை. ஏனென்றால் ஒரு வரி ஏதாவது அர்த்தத்துக்காகச் சிவப்பாக இருக்கிறது என்றால், அந்த நிறம் அலங்காரம் இல்லை, தகவல். தகவலை யாரும் அழகுக்காகச் சீர்படுத்தக் கூடாது.

ஒவ்வாமைக் குறிப்பை நிறத்தை மட்டும் நம்பியும் விடவில்லை. அதற்குத் தனி இடம், சுற்றிவர ஒரு கட்டம், சமையல்காரர் விரலால் தொட்டால்தான் அட்டை அடுத்த நிலைக்கு நகரும். அந்த ஹோட்டல் அதைப் பார்க்கவில்லை. பருவம் முடிந்ததும் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். சேர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வந்தாலும், "பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுவார்.

இனி நாலந்தா.

வேனில் ரூபன் மடிக்கணினியைத் திறந்து அந்த லேபலையே பார்த்துக்கொண்டு வந்தார். நாவுல என்ற ஊரைத் தாண்டிய பிறகு, "நான்தான் சொல்லுவன். நீங்கள் சொல்லாதேங்கோ" என்றார். சரி என்றேன்.

நியாஸ் நானாவின் வீடு பிரதான வீதியிலிருந்து உள்ளே கொஞ்சத் தூரம். முற்றத்தில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டிருந்தது. அவருடைய மனைவி வெளியே வந்து, எங்களை யார் என்று தெரியாமல் தயங்கினார். ஹோட்டலிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் அவருடைய முகம் இறுகியது. "பொலிஸ் ஏதாவதா?" என்று கேட்டார். இல்லை என்று அவசரமாகச் சொன்னேன்.

நியாஸ் நானா உள்ளேயிருந்து வந்தார். மூக்கில் ஒரு புதுக் கண்ணாடி. கண்ணாடியில் நான் அவரைப் பார்த்ததில்லை.

"வாங்க மிஸ். வாங்க தம்பி" என்று உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் கண்ணாடியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நேத்து மாத்தளைக்குப் போய் எடுத்தேன்" என்றார். "கண் பெருசா ஒன்னும் பழுது இல்லன்னுதான் கடையில சொன்னாங்க. நான்தான் இல்ல, போட்டே ஆகணும்னு வாங்கினேன். மேனேஜர் என்னக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு மிஸ். எழுதித்தான் இருந்துச்சு. அவ்வளவு தெளிவா எழுதியிருந்தது என் கண்ணுக்குத் தெரியல."

"நியாஸ் நானா" என்று ரூபன் ஆரம்பித்தார். எழுந்து நின்றுகொண்டார். "அது உங்கட கண்ணில இருந்த பிழை இல்லை. அந்தக் குறிப்பு சிவப்பா வந்திருக்க வேணும். கறுப்பா வந்தது. நான் எழுத்தெல்லாம் ஒரே மாதிரி வரவேணுமெண்டு மாத்தினனான். அதில அது போயிட்டுது. நான் அதைக் கவனிக்கேல்லை."

நியாஸ் நானா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"சிவப்பு வரல்லையா?"

"வரேல்லை, நானா."

"சிவப்பு வந்தா நான் பாத்திருப்பேன்" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. தனக்குள் எதையோ சரிபார்ப்பது மாதிரி மெதுவாகச் சொன்னார். பிறகு, "உக்காருங்க தம்பி" என்றார்.

மேனேஜர் நாளைக்கு வரச் சொன்னார் என்று நான் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"மிஸ், அந்தப் பொம்பள இப்ப எப்பிடி இருக்காங்க?"

நான் ரூபனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து மாலை வரை அந்த ஹோட்டலில் நின்றிருக்கிறோம். திரையைப் பார்த்தோம், கடிதம் எழுதினோம், பஸ்ஸில் வந்தவர்களுக்குப் பரிமாறியதைப் பார்த்தோம். அந்தப் பெண் எப்படி இருக்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

"யார்கிட்ட கேட்டாலும் சொல்றாங்க இல்ல" என்றார் நியாஸ் நானா. "நீங்க நிப்பாட்டின ஆளு, உங்களுக்கு எதுக்குன்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கலாம்னு நெனச்சேன். எந்த மொகத்தோட போறது?"

ரூபன் முற்றத்துக்கு இறங்கிப் போய் ஹோட்டலுக்குப் போன் எடுத்தார். மேனேஜரிடம் உடைந்த சிங்களத்தில் பேசுவது எங்களுக்குக் கேட்டது. நியாஸ் நானா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ரூபன் படியேறி வந்தார்.

"நேற்றே ஆஸ்பத்திரியால விட்டிட்டினமாம். இப்ப நல்லா இருக்கிறாவாம். கண்டிக்குப் போயிட்டாவாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நியாஸ் நானா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். முகத்தையும் துடைத்தார். நாங்கள் கிளம்ப எழுந்தபோது, "எங்க போறீங்க, சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். மனைவி பின்னால் போக அடி எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அன்றிலிருந்து இவர் அடுப்புப் பக்கமே போகவில்லை, ஒரு தேத்தண்ணி கூட ஊற்றவில்லை என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

உள்ளே மாவு பிசைகிற சத்தமும் அடுப்பில் தாச்சிச் சட்டி வைக்கிற சத்தமும் கேட்டன. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பிறகு நியாஸ் நானா கையில் ஒரு முட்டையோடு கதவடிக்கு வந்தார்.

"உங்களுக்கு ஒத்துக்காதது ஏதாவது இருக்கா?"

"ஒண்டும் இல்லை, நானா" என்றார் ரூபன்.

அவர் போகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு, மிஸ்?"

இல்லை என்றேன். நான் சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் முட்டையை உடைக்க உள்ளே போனார்.